பிஜு போட்ட பூட்டு

செவ்வாய்க்கிழமை காலை. மகள் மித்ராவை மடியில் வைத்துக்கொண்டு லேப்டாப்பில் எண்டர் தட்டினேன். கரண்ட் போய்விட்டது.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று நீங்கள் முணுமுணுப்பது தக்கலையில் என் வீடு வரைக்கும் கேட்கிறது. நம் ஊரில் கரண்ட் வந்தால்தானே செய்தி! ஆனால் அன்றைக்கு நான் பதறியதற்குக் காரணம் இருந்தது.

'வீட்டில் உட்கார்ந்து அப்படி என்னதான் வேலை பார்க்கிறீர்கள்?' என்று உங்களில் சிலர் கேட்பதுண்டு. திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன கம்பெனி. என் லேப்டாப்பில் ஒரு கருப்புத் திரை இருக்கும். அதில் ஒரு வரி கட்டளை தட்டினால், சிங்கப்பூரிலோ எங்கோ இருக்கும் சர்வர் ஒன்று மளமளவென்று வேலையைத் தொடங்கும். அந்த சர்வரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் நாள் முழுக்க அதனோடுதான் குடித்தனம்.

செவ்வாய்க்கிழமை வேலை, ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காக. 'நாளை உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி' என்று அம்மாக்களின் போனுக்கு மெசேஜ் போக வேண்டும். ஒரே கட்டளைதான். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும்போது என் இணைப்பு அறுந்தால், ஓடுகிற வேலையும் அங்கேயே நின்றுவிடும்.

மோடம் அணைந்து கிடந்தது. பாதி அம்மாக்களுக்குப் போயிருக்குமா? யாருக்குமே போகவில்லையா? திரும்பத் தட்டினால், முதலில் வாங்கியவர்களுக்கு இரண்டாவது மெசேஜ் போகும். தட்டாவிட்டால், மிச்சமுள்ள குழந்தைகளுக்கு ஊசி தவறிவிடும்.

இன்னொரு பயமும் இருந்தது. வீட்டிலிருந்தே வேலை என்பதற்கு மேனேஜர் சோதனையாகத்தான் சம்மதித்திருக்கிறார். 'சரிவந்தால் தொடரலாம்' என்றார். சரிவராவிட்டால்? விடியும் முன்னே பஸ் ஏற வேண்டும். திரும்பி வரும்போது மித்ரா தூங்கியிருப்பாள்.

ஒரு கையில் லேப்டாப், இடுப்பில் மித்ரா. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் ஓடினேன். அவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு.

"என்ன மக்களே, மொகம் வெளிறிக் கெடக்கு? பிள்ளைக்கு காய்ச்சலா?"

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லக்கா. மெசேஜ்... பாதியில நின்னுட்டு."

"நான் பயந்தே போனேன்! சவத்த விடு. மெசேஜுதானே?"

"ஊசி மெசேஜுக்கா. ஒங்க பிள்ள ஷாரோனுக்கும் அதே ஆஸ்பத்திரில நாளைக்குத்தானே ஊசி? போன்ல வந்தா?"

அக்கா போனை எடுத்து, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஒண்ணும் வரல்லியே."

அவ்வளவுதான், நின்றேவிட்டது என்று முடிவு கட்டினேன். இருந்தாலும் அக்கா வீட்டு இணைப்பில் சர்வருக்குள் நுழைந்து, ஏதாவது ஓடுகிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். நான் தட்டிய பெயரில் எதுவும் ஓடவில்லை.

"திரும்ப அனுப்பப் போறேன்க்கா. கொஞ்சம் பேருக்கு ரெண்டு மெசேஜ் போவும்."

"ரெண்டு வந்தா ரெண்டு ஊசியா, ஏட்டி? நான்னா பிள்ளையத் தூக்கிட்டு நேரா ஆஸ்பத்திரில போயி சண்டதான் போடுவேன்!"

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்த அம்மாக்கள் எல்லாரும் என்னைப் போன்றவர்கள்தானே? ஒரு மெசேஜுக்கே நான் காலண்டரை எடுத்துச் சரிபார்க்கிறவள். ஆனால் ஊசியே தவறுவதைவிடக் குழப்பம் மேல் இல்லையா? கண்ணை மூடிக்கொண்டு கட்டளையைத் தட்டினேன்.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்துகளில் தமிழ்!

'முதலில் அடித்தது இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. சேச்சி போய்ப் பிள்ளையைப் பாருங்க.'

சர்வர் என்னைச் சேச்சி என்று கூப்பிடுகிறது! உலகத்தில் என்னைச் சேச்சி என்று கூப்பிடுபவன் ஒருவன்தான்... என்னோடு வேலை பார்க்கும் பிஜு. ஊர், கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை. அவன் பேசுவது தமிழா மலையாளமா என்பது அவனுக்கே தெரியாது.

போன் போட்டேன்.

"டென்ஷன் வேண்டா சேச்சி. நெட் போனாலும் நிக்காம ஓடுற மாதிரி போன வாரமே மாத்தியாச்சு. ஓடுறதோட பேரும் மாத்தினேன், அதான் பாத்தப்போ சேச்சிக்குத் தெரியல்ல. சொல்ல மறந்துபோச்சு, சாரி. ஒண்ணு ஓடும்போ ரெண்டாமது ஓடாது. பூட்டு போட்டிருக்கு."

"எனக்காகவா போட்டே?"

கொஞ்சம் தயங்கினான். "நாம அடிக்கிறதெல்லாம் சர்வர்ல பதிஞ்சு கெடக்குமில்லியா... சேச்சி ஒண்ணு அடிச்சா, அது நடந்ததான்னு பாக்கதுக்கு பின்னும் நாலு அடிக்கும். அது கண்டப்போ, ஒருநாள் இதையும் ரெண்டாமது அடிக்கும்னு தோணிச்சு."

மறுபடி கண்ணீர். இது வேறு ரகம்.

அவன் பேசி முடிப்பதற்குள் ஸ்டெல்லா அக்காவின் போன் 'டிங்' என்றது.

"ஏட்டி, வந்துட்டு! ஷாரோனுக்கு வந்துட்டு!"

பெயர் வரிசைப்படி போகிற மெசேஜ். ஷாரோனின் முறை அப்போதுதான் வந்திருக்கிறது. அக்கா நெடுநேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வருகிறதா என்று பார்க்கத்தான்! வரவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு புகார் இல்லை. மேனேஜர் வழக்கம்போல அடுத்த வேலையை அனுப்பிவைத்தார். வீட்டுக்குத்தான்.

பயந்தவர்களுக்கு இந்த உலகம் பொதுவாக என்ன கொடுக்கிறது? அறிவுரை. 'இப்படிச் சந்தேகப்படாதே', 'தைரியமாக இரு'. வீட்டைப் பூட்டிவிட்டு நான் பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கும்போது, "பூட்டு கையோட வந்திரும்ட்டி" என்பார் என் கணவர். படித்தவள்தானே நீ என்பார் அம்மா. படித்தால் பயம் போய்விடுமா? எதற்கெல்லாம் பயப்படலாம் என்று இன்னும் நாலு விஷயம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான்.

பிஜு எனக்கு அறிவுரை சொல்லவில்லை. யாரிடமும் சொல்லிச் சிரிக்கவுமில்லை. இவள் இப்படித்தான், இவள் இரண்டாவது முறை தட்டத்தான் செய்வாள் என்று புரிந்துகொண்டு, நான் தட்டினாலும் ஒன்றும் கெட்டுப்போகாதபடி ஒரு பூட்டைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். என்னைத் திருத்த முயலாமல் எனக்கு உதவி செய்தவர்களை எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை சீக்கிரமே முடிந்துவிட்டது. அதனால்தான் இந்த நன்றி கொஞ்சம் நீளமாகிவிட்டது.

அன்று மத்தியானம் மித்ராவுக்குச் சோறு ஊட்டும்போது நான் திரையை எட்டிப் பார்க்கவில்லை. சரி... ஒரே ஒரு தடவை பார்த்தேன்.

பின்குறிப்பு: இந்தப் பத்தியை ஆசிரியருக்கு அனுப்பும்போது கரண்ட் போய்விட்டது. போய்ச் சேர்ந்ததா என்று தெரியாததால் மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்... ஆசிரியரே, உங்களிடமும் ஒரு பூட்டு இருக்கும்தானே?