ஓனரம்மா நடந்த நூறு நடை

சபையாரே, நன்றி சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் குழப்பம் இன்னும் தீரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். இரண்டு வருடம் ஜப்பானில் ஒரு சின்ன ஊரில் வேலை பார்த்தார். போன ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவரோடு தங்கியிருந்த பருத்திப்பட்டுக்காரர் முருகன் போன் செய்தார்.

"அண்ணி, பயப்படாதீங்க. அண்ணன் பனியில வழுக்கி வுயுந்துட்டாரு. தலையில அடி. கண்ணே தொறக்கல."

பயப்படாமல் எப்படி இருப்பது? மேனாம்பேட்டு வீட்டில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஓடிப்போய்ப் பார்க்க எனக்குப் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. உபவாசம் இருந்தேன். ஐந்து நாள் போயிற்று. ஆண்டவரே, காதில் விழுகிறதா இல்லையா என்று சண்டையே போட்டேன்.

ஆறாம் நாள் முருகன் வீடியோ காலில் ஒன்றைக் காட்டினார். அவர்கள் வீட்டு ஓனரம்மா, என் வயதுதான் இருக்கும், அந்த ஊர் ஷிந்தோ மதக் கோயிலில் வெறுங்காலோடு பனியில் நடக்கிறாள். சிவப்பு மர வாசலிலிருந்து சந்நிதிவரை போகிறாள். குனிந்து, இரண்டு தரம் கைதட்டிக் கும்பிடுகிறாள். மறுபடி வாசலுக்கு வருகிறாள். இவர் பிழைக்க வேண்டி இப்படி நூறு நடையாம்.

"ஊர்ல யாருக்கு இன்னா ஆனாலும் இங்கதான் அண்ணி வருவாங்க. கொயந்த பொறந்தாலும் இங்கதான் தூக்கினு வருவாங்க. கும்புடுற எடத்துல சிலையே காணோம்."

உடனே முழங்காலில் நின்றேன். "கர்த்தாவே, அந்தப் பொம்பளை கேட்டு இவர் பிழைக்க வேண்டாம். அவள் நடையை நிறுத்தும்" என்று ஜெபித்தேன். ஐயோ, என்ன வார்த்தை பாருங்கள்! புருஷன் சாகக் கிடக்கிறார், எனக்கு வீம்பு.

அவள் நிற்கவில்லை. நூறையும் நடந்து முடித்தாள். எட்டாம் நாள் அவர் கண் திறந்து என் பெயரைச் சொன்னார். அழுதேன், சிரித்தேன். அப்புறம் சந்தேகம் பிடித்துக்கொண்டது. யார் கேட்டு இது கிடைத்தது?

மனசு கேட்காமல், அந்த அம்மா என்னதான் வேண்டினாள் என்று முருகனை விசாரிக்கச் சொன்னேன்.

"அண்ணன் கும்புடுற சாமி பேரு அவங்களுக்குத் தெரியாதாம். 'இவன் பொண்டாட்டி எங்கியோ அயுதுகினு இருப்பா, அவ கேக்கறது நடக்கணும்'னு மட்டும் வேண்டிக்கினாங்களாம் அண்ணி."

வெட்கமாக இருந்தது. பாஸ்டர் ஐயாவிடம் சொன்னேன். அவர்தான் இதைச் சபையில் சொல்லச் சொன்னார்.

இதோ, என் வீட்டுக்காரர் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது தினமும் அந்த அம்மாவுக்காகவும் ஜெபிக்கிறேன். எல்லாம் புரிந்தது என்று சொன்னால் பொய். நீங்களும் நம்பிக் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். என் ஜெபத்தில் ஒன்றை ஆண்டவர் கேட்டார், ஒன்றைத் தள்ளிவிட்டார். இரண்டுக்கும் ஸ்தோத்திரம்.