மேல்வீட்டுக் கொக்குப் பெட்டி

போன மாதம் மகள் என்னை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குக் கால் உளைவு. இருக்க ஒரு கதிரை தேடிக்கொண்டு நடந்தேன். அப்போதுதான் கண்ணாடிக்குள் அந்தக் கறுப்பு அரக்குப் பெட்டியைக் கண்டேன். மூடியில் பொன்னிறக் கொக்குகள், ஒரு பைன் மரம், கீழே வால் நீண்ட ஆமை. பக்கத்தில் எழுதியிருந்ததை மகள் வாசித்தாள். ஜப்பான்காரருக்குக் கொக்கு ஆயிரம் வருடமாம், ஆமை பத்தாயிரம் வருடமாம், நெடுங்காலம் வாழ்க என்ற வாழ்த்தாம். வாசிக்காமலே எனக்கு அது தெரியும். அதே மாதிரிப் பெட்டி ஒன்று எங்கள் மாடிப்படியில் பன்னிரண்டு வருடம் ஏறி இறங்கியது.

மேல்வீட்டு ஹில்டாவின் புருஷன் கப்பலில் வேலை செய்தவர்; அவர் கொண்டுவந்த பெட்டி அது. நாங்கள் ஜெர்மனிக்கு அகதியாக வந்து, இங்கே இருக்க விடுவார்களா என்று தெரியாமல் இருந்த காலம். எங்கள் அன்ட்ராக், அதுதான் அகதி விண்ணப்பம், இரண்டாம் முறையும் மறுக்கப்பட்ட வருட நத்தார்ப் பண்டிகைக்கு, ஹில்டா அந்தப் பெட்டி நிறையப் பிஸ்கட் தந்தார். நல்ல கறுவாப்பட்டை மணம். மூன்று நாளில் முடித்துவிட்டோம். பிறத்தியாருடைய ஏனத்தை வீட்டில் வைத்திருக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கமும் இல்லை. பயறு வறுத்து, பயத்தம் பணியாரம் சுட்டு, எண்ணெய் படாமல் தாள் விரித்து நிரப்பிக்கொண்டு போய் நீட்டினேன். அவருடைய முகம் சுருங்கிவிட்டது. பிறகு படியில் கண்டாலும் பேசவில்லை.

ஒரு கிழமை கழித்து, அப்போது எட்டு வயதான மகள் வந்து சொன்னாள்:

"அம்மா, அவ பெட்டியையும் சேர்த்துத்தான் தந்தவவாம். நீங்கள் வேண்டாமெண்டு திருப்பிக் குடுத்திட்டியளெண்டு அழுறா."

"ஆருடைய ஏனத்தையோ வச்சிருக்க நான் என்ன கள்ளியோ?"

"அப்ப போய்க் கேளுங்கோ."

கேட்பதா? ஊரில் அயல்வீட்டில் உப்புக்கூடக் கேட்காதவள் நான். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மேலே ஏறி, தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லை வைத்து, "பெட்டி. எனக்கு. தாங்கோ" என்றேன். ஹில்டா சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு தந்தார். உள்ளே திரும்பவும் பிஸ்கட்! அது முடிந்ததும் என் கை சும்மா இருக்குமா? பணியாரத்தோடு பெட்டி மேலே போனது. இந்த முறை அவருக்கு விளங்கியது. பிறகு பெட்டி போகும், வரும். யாருடையது என்று இருவரும் பேசவே இல்லை.

ஹில்டா மோசம் போய்க் கண்ணை மூடிய நேரம் பெட்டி மேலே இருந்தது. தூரத்திலிருந்து வந்து வீட்டை ஒதுக்கிய மகன், கதவடியில் நின்ற என்னைப் பார்த்து, "உங்களுடைய சாமான் ஏதும் இருக்கிறதா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். குசினி மேசையில் பெட்டி துடைத்துத் திறந்தபடி கிடந்தது. பக்கத்தில் மாவும் பட்டரும் கறுவாத்தூளும் எடுத்து வைத்திருந்தார் ஹில்டா.

"இல்லை" என்றேன். ஒருமுறை கேட்ட வாய்க்கு இரண்டாம் முறை கேட்க வரவில்லை.

இப்போது மேல்வீட்டில் கணினி வேலை செய்கிற இரண்டு பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், வணக்கம் சொல்வார்கள். ஆனால் அந்தப் படியில் ஏனத்தோடு ஒருவரும் ஏறுவதில்லை.