கொப்பரை பார்க்கும் கை

போன செவ்வாய்க்கிழமை, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "கட்டி பெருசாக் குறையலைங்க."

என் மனைவி தங்கமணி டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

இத்தனை நாளாக இந்தப் பக்கத்தில் காங்கேயத்தில் தேங்காய் காயவைக்கிற கொப்பரைக் களத்துக் கதைகளாகவே எழுதி வந்தேன். வீட்டு விஷயம் எழுதியதில்லை — கூச்சம். இதையும் தங்கமணியைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க. ஆனா 'உடம்பு சரியில்லை'ன்னு பூசி மெழுகாதீங்க. மார்புல கட்டின்னே எழுதுங்க" என்றாள்.

சரி. மார்பில் கட்டி. புற்றுநோய். எழுதிவிட்டேன்.

கட்டி பெரிது, அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. அதனால் முதலில் கீமோ, பிறகுதான் ஆபரேஷன் என்றார்கள். கட்டி நன்றாகச் சுருங்கினால் அதை மட்டும் எடுத்தால் போதும். இல்லாவிட்டால் மார்பையே எடுக்க வேண்டும். தங்கமணி 'சுருங்கினால்' என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். யார்தான் பிடிக்க மாட்டார்கள்?

கீமோ ஏற்றும்போது அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் போத்தனூர் பரீதா அக்கா. அவருக்கும் இதே நோய். அடுத்த தடவை வரும்போதே அந்த ஹாலுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "என்ர கட்டியத் தேடுனாலும் கிடைக்கலை அம்மணி! பாத்திரம் கழுவச் சொன்னா எங்கூட்டுக்காரரு ஓடுவாரே... அப்படி ஓடிப்போச்சு!"

அன்று வீட்டுக்கு வந்ததும் தங்கமணி கதவைச் சாத்தினாள். "ஏனுங்க, தொட்டுப் பாருங்க. எனக்கும் குறைஞ்சிருக்குதுங்களா?"

பட்டப்பகல். ஜன்னல் நிறைய வெயில். பேரன் பேத்தி எடுத்தவனுக்கு என்ன கூச்சம் என்பீர்கள். எனக்கு இருந்தது. சுவரில் தொங்கிய காலண்டரில் ராகு காலம் எத்தனை மணி என்று படித்துக்கொண்டே கையை வைத்தேன். சேலைக்கு மேலே. வைத்த வேகத்தில் எடுத்தேன்.

"குறைஞ்சிருக்குது அம்மணி."

அதற்குப் பிறகு ஒவ்வொரு கீமோ முடிந்தும் இதே கதை. அதே காலண்டர். பதில் மட்டும் வளர்ந்தது. "பாதிதான் இருக்குது" என்றேன். "நெல்லிக்காயாட்ட ஆயிருச்சு" என்றேன். உண்மையில் என் கைக்கு ஒன்றுமே தெரியாது. கை அங்கே நின்றால்தானே தெரியும்?

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். "பரீதா அக்காளுக்கு மட்டும் எப்படிங்க கரைஞ்சுது?" என்று தங்கமணி கேட்டாள்.

"பேரு ஒண்ணுதானுங்க, நோய் ஒண்ணு இல்லை" என்றார் டாக்டரம்மா. "அவங்களுது வேகமா வளர்ற வகை. கீமோவுக்கும் பல பேருக்கு வேகமாக் கரையும். உங்களுது ஹார்மோனால வளர்ற வகை. கீமோவுக்கு பெரும்பாலும் இவ்வளவுதான் அசையும். மருந்து தோத்துப்போச்சுன்னு நினைக்காதீங்க. ஆபரேஷனுக்கப்புறம் இதுக்குன்னே மாத்திரை இருக்குது, வருஷக்கணக்கில சாப்பிடோணும். அந்த மாத்திரை அவங்களுக்கு உதவாது. உங்களுக்கு உதவும்."

"அப்ப... முழுசா எடுக்கோணுங்களா?"

"ஆமாங்க."

காங்கேயம் பஸ்ஸில் தங்கமணி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பல்லடம் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னாள். "குளிக்கறப்ப நானும் தினமும் தொட்டுப் பார்ப்பேனுங்க. கல்லாட்ட அப்படியேதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் என்னைக் கேட்ட?"

"களத்துல ஒரு கொப்பரையைத் தொட்டா, காஞ்சுதா ஈரமான்னு உங்க கை சொல்லிப்போடும். லோடு வாங்க வர்றவங்களே உங்க கையைத்தான நம்பறாங்க? என்ர கைதான் தப்பாச் சொல்லுதுன்னு நினைச்சுட்டேனுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் அஞ்சாவது வரை படித்தவன். ரிப்போர்ட்டில் இருப்பது எனக்குப் புரியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கேட்டால் சொல்லிக்கொடுக்க டாக்டரம்மா இருக்கிறார். ஆனால் தொட்டால் தெரிகிற விஷயம்? அதற்குப் படிப்பு வேண்டுமா? ஆறுதல் சொன்னேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். வீட்டு ஆம்பளைகள் சொல்கிற ஆறுதலில் பாதி இப்படித்தானோ... அந்த இடத்தைவிட்டுச் சீக்கிரம் நகர வேண்டும், அவ்வளவுதான்.

நாளை மறுநாள் ஆபரேஷன். நேற்று மத்தியானம் கதவை நானே சாத்தினேன்.

"தொட்டுப் பார்க்கட்டுமா?"

"இனி என்னத்துக்குங்க?" என்றாள். பிறகு அவளே சேலையை விலக்கினாள்.

கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கல் மாதிரிதான் இருந்தது.

"குறையவே இல்லை அம்மணி."

"ம்... இப்பத்தானுங்க உங்க கை சரியாச் சொல்லுது" என்றாள்.

நேற்று ராகு காலம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்காதீர்கள். காலண்டரைப் பார்க்கவில்லை.