பக்கத்து வீட்டுத் தவளைகள்

நெஸ்டோர் சிகாகோவில் இருபத்திரண்டு வருடம் இரும்புத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தவன். ஓய்வு பெற்று மனைவி இரைதாவோடு போர்ட்டோ ரிக்கோவுக்குத் திரும்பியபோது அவனுக்கு வேண்டியிருந்தது நல்ல தூக்கம் மட்டும்தான். எங்கள் மலையில் அது சுலபமில்லை. பொழுது சாய்ந்ததும் மரத்துக்கு மரம் கோக்கித் தவளைகள் ஆரம்பித்துவிடும். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது, ஆனால் அடைத்த சன்னலையும் தாண்டிக்கொண்டு வரும் அந்தக் கத்தல்.

மூன்றாவது வாரமே பின்பக்கத்து வாழைகளை வெட்டிச் சாய்த்தான். சருகை வாரி எரித்தான். சொட்டு ஈரம் தங்காதபடி வேலிவரைக்கும் சிமென்ட் போட்டு மூடினான். தவளைகள் வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக் கலிஸ்தோவின் காப்பிச் செடிகளுக்குள் ஒதுங்கிவிட்டன. நெஸ்டோர் மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டு குறட்டை விட்டுத் தூங்கினான்.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் இரைதா இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கலிஸ்தோ வீட்டு வராந்தாவுக்குப் போனாள். மறுநாளும் போனாள். அதற்குப் பிறகு நாற்காலி அங்கேயே தங்கிவிட்டது.

கலிஸ்தோ மனைவியை இழந்தவன். இளவயதில் இரைதாவைப் பெண் கேட்டவனும் அவன்தான். அவள் முடியாது என்று சொல்லிவிட்டு நெஸ்டோரைக் கட்டிக்கொண்டது ஊர் அறிந்த கதை.

டோமினோ ஆடும் மேசையில் நாங்கள் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"என்னப்பா நெஸ்டோர், உன் பொண்டாட்டி கச்சேரிக்குக் கிளம்பியாச்சா?" என்று முதலில் கேட்டவன் நான்தான்.

"கத்துறதெல்லாம் ஆம்பளைத் தவளையாம்டா. எதுக்குக் கத்துதுன்னு நான் சொல்லணுமா?" என்றான் டோனோ.

எல்லோரும் சிரித்தோம். நெஸ்டோர் கையிலிருந்த கட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாதி ஆட்டத்தில் எழுந்து போனான். நல்ல கை அது. நான் புரட்டிப் பார்த்தேன்.

அன்று இரவு அவன் வேலியோரம் இருட்டில் நின்று பார்த்திருக்கிறான். பிறகொரு நாள் அவனே என்னிடம் சொன்னான். வராந்தாவில் இருவருக்கும் நடுவே இரண்டு முழ இடைவெளி. கை படவில்லை, சிரிப்பில்லை. ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல், இருட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். "பேசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்டா," என்றான் என்னிடம். "பேசாம உக்காந்திருந்தாங்க பாரு, அதுதான் வயித்துல தீயை வச்சுது."

அவள் வீட்டுக்குள் கால் வைத்ததும் அவன் போட்ட கூச்சல் தெரு முழுக்கக் கேட்டது.

"என்கூட எப்பவாவது அப்படி உக்காந்திருக்கியா நீ?"

"நீ எப்ப உக்காந்த? அங்க இருந்த வரைக்கும் பகல்ல தூங்கின, ராத்திரி வேலைக்குப் போன. தனியாக் கிடந்தேன் நான். இந்தச் சத்தத்தைக் கேக்கணும்னுதான் ஊருக்குப் போவோம், போவோம்னு உன்னை நச்சரிச்சேன். வந்ததும் சிமென்ட் போட்டு மூடிட்ட."

"அப்ப கலிஸ்தோ?"

"அவனுக்கு முப்பத்தெட்டு வருஷம் முன்னாடியே பதில் சொல்லியாச்சு. உனக்கு இன்னும் எத்தனை தடவை சொல்லணும்?"

விடிந்ததும் சம்மட்டிச் சத்தம் கேட்டது. நெஸ்டோர் சிமென்ட்டை உடைத்துக்கொண்டிருந்தான். நாலு நாள் உடைத்தான். உள்ளங்கை கொப்பளித்து, துணி சுற்றிக்கொண்டு உடைத்தான். உதவிக்குப் போன என்னை, "நீ வந்து பேசினதெல்லாம் போதும்," என்று திருப்பி அனுப்பினான். நியாயம்தான். மண்ணைக் கொத்தி, வாழைக்கன்று வைத்து, காட்டிலிருந்து சருகு மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்து கொட்டினான்.

தவளை வரவில்லை. அவசரம் தாங்காமல் ஒருநாள் டார்ச்சோடு போய் கலிஸ்தோவின் செடியிலிருந்தே இரண்டைப் பிடித்து டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து விட்டான். காலையில் இரண்டையும் காணோம். இரைதா அப்போதும் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். அவள் திரும்பும்வரை நெஸ்டோர் விளக்கை அணைக்காமல் விழித்திருப்பான்.

ஏழு மாதம் போயிற்று. அக்டோபரில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் சாயங்காலம் வாழையடியிலிருந்து ஒரே ஒரு குரல், கொஞ்சம் தடுமாறிக்கொண்டு: கோ-க்கீ.

இரைதா தட்டைப் பாதி கழுவியபடி விட்டுவிட்டு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. ஈரப் படியிலேயே உட்கார்ந்தாள். நெஸ்டோரும் பக்கத்தில் உட்கார்ந்தான். வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தானாம்.

கொஞ்ச நேரத்தில் அவள் வேலிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "கலிஸ்தோ! எங்க வீட்டுக்கும் ஒருத்தன் வந்துட்டான். காப்பி போடறேன், வா!"

நெஸ்டோருக்கு மறுபடி வயிறு எரிந்தது. அதை என்னிடம் மறைக்கவில்லை. இருந்தும் எழுந்து உள்ளே போய், நல்லதாக ஒரு நாற்காலி பார்த்து எடுத்துவந்து போட்டான். தன் பக்கத்தில்.