சமன்ஸ் அந்தோனிமுத்து

சமன்ஸ் கொடுக்கப் போகிற கடையில் அந்தோனிமுத்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. "குடிச்சிட்டுக் குடுத்தா உண்ட வீட்டுக்கு ரெண்டகமுங்க" என்பார். கொடுத்த பிறகு குடிக்கலாம்தான். ஆனால் அதற்கப்புறம் யார் தேத்தண்ணி ஊற்றுகிறார்கள்?

வியாபார வழக்குகளின் அழைப்பாணைகளை நுவரெலியா நீதிமன்றத்திலிருந்து சுமந்துகொண்டு பூண்டுலோயா, வட்டகொடை என்று பஸ் ஏறுவது இவருடைய உத்தியோகம். இவர் இறங்கியதும் கடைவீதியில் பாதிப் பேருக்கு அவசர வேலை ஞாபகம் வந்துவிடும். எந்தக் கடைக்கு எங்கே பின்வாசல் என்பது கட்டிய மேசனைவிட இவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் யாரையும் துரத்த மாட்டார்.

தாளைத் தொடாவிட்டால் வழக்கே இல்லை என்பது நம் முதலாளிமாரின் நம்பிக்கை. "வாங்குனாத்தாங்க கோர்ட்டுல வாயத் தொறக்கலாம்" என்று இவரும் தொண்டை வறளச் சொல்லிப் பார்க்கிறார். கேட்பார் இல்லை.

போன மாதம் வட்டகொடையில் இஸ்ஸதீனின் பேக்கரிக்குப் போனார். பேச்சுத் துணைக்கு நானும் கூடப் போனேன். பேக்கரி முழுவதும் தனக்கே சொந்தம் என்று பழைய கூட்டாளி வழக்குப் போட்டிருந்தார். இஸ்ஸதீன் ஏற்கெனவே இரண்டு முறை ஒளிந்துகொண்டவர். இந்தத் தடவையும் கையில் கொடுக்க முடியாவிட்டால் கதவில் ஒட்டிவிட்டு வரும்படி உத்தரவு.

பலகைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாண் வேகும் மணம். இஸ்ஸதீன் கொழும்புக்குப் போய்விட்டதாக அவர் மனைவி ஆமினா உம்மா உள்ளிருந்தபடியே சொன்னார்.

அந்தோனிமுத்து பசை டப்பாவைத் திறக்கவில்லை. மழையில் நின்றபடி கதவோடு பேசினார்.

"இஸ்ஸதீன் நானா, ஒட்டிட்டுப் போனா என் வேலை முடிஞ்சிருங்க. நீங்க வரலேன்னா அந்தாளு சொல்றத மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதிருவாங்க. பேக்கரி போயிரும். ஒங்க ஞாயத்த நீங்கதானுங்க சொல்லணும்."

எனக்குச் சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்து எரிச்சலாக வந்தது. ஒட்டிவிட்டு வாருமையா, கடைசி பஸ் போய்விடும் என்றேன். அவர் அசையவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு பலகை நகர்ந்தது. இஸ்ஸதீன் முழங்கை வரை மாவோடு நின்றார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார்.

அந்தோனிமுத்து உடனே தாளைக் கொடுக்கவில்லை. தன் கைக்குட்டையை எடுத்து, அந்தக் கையில் ஒட்டியிருந்த மாவை விரல் விரலாகத் துடைத்துவிட்டார். அதன் பிறகுதான் தாளை வைத்தார்.