வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரை

இரண்டு வருடத்துக்கு முன்பு, எஸ்.எஸ்.ஸி. எழுதிவிட்டு முடிவு வரும்வரை, பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சும்மா கிடந்தேன். சும்மா என்றா சொன்னேன்? கையில் கிடைத்த பத்திரிகையெல்லாம் படித்து, அதிலிருந்த வைத்திய யோசனைகளை லயம் முழுக்க அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். "சின்ன டாக்டரு வர்றாரு, நாக்கை நீட்டுங்கடி" என்று பெண்கள் கேலி செய்வார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையான காம்பராவிலிருந்த சித்திக்கு முழங்கால் வலி. மழையிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கிறவர். டிஸ்பென்சரிக்குப் போனால் அன்றைய வேலை போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். நான் கடைவீதிக் கடைக்கார நானாவிடம் ஆஸ்பிரின் வாங்கிவந்து, "காலையில ரெண்டு போடுங்க சித்தி, மலையில ஓடலாம்" என்றேன்.

ஓடத்தான் செய்தார். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் பால் சேராத தேத்தண்ணியான வெறும் சாயத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார்கள். ரொட்டி அப்புறம், மலையில்தான். அந்தச் சாயத்தண்ணியோடுதான் மாத்திரையும் இறங்குகிறது என்பதைத் தினமும் பார்த்தேன். யோசிக்கவில்லை.

மூன்றாவது வாரம், "வயிறு எரியுதுய்யா" என்றார்.

"மருந்து வேலை செய்யுது சித்தி."

இன்னொரு நாள் கூச்சத்தோடு, வெளிக்குப் போவது தார் மாதிரி கறுப்பாக இருக்கிறது என்றார். "வெத்தலையைக் குறைங்க" என்று சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நிரையிலேயே விழுந்துவிட்டார். கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி நாலு பேர் டிஸ்பென்சரிக்குத் தூக்கிப்போனார்கள்; நானும் பின்னாலேயே ஓடினேன். ரத்த வாந்தி. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ஏதாவது மருந்து, மாத்திரை சாப்பிட்டியாம்மா?" என்று டாக்டரய்யா கேட்டார்.

சித்தியின் கண் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தது. "ஒண்ணும் சாப்பிடலைங்க" என்றார்.

அவருக்காக அன்று காலை வாங்கிய மாத்திரைப் பொட்டலம் என் சட்டைப் பையில். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: தப்பித்தோம் என்று ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. பிறகுதான் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "நாந்தாங்க குடுத்தேன். மூணு வாரமா, வெறும் வயித்துல. கறுப்பாப் போகுதுன்னு சொன்னாங்க. நான் சிரிச்சேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. "அது ரத்தம்டா தம்பி. வயித்தைப் புண்ணாக்கிடுச்சு. சாப்பிட்டுட்டுப் போட்டாக்கூட இதை நாள்கணக்காப் போடக்கூடாது. எரிஞ்சப்பவே நிறுத்தி இங்க கூட்டிவந்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே சீட்டு எழுதினார். அதில் மாத்திரையின் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். தோட்டத்து லொறி சித்தியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

ரத்தம் ஏற்றிப் பிழைத்தார். திரும்பி வந்தவர் என்னைக் கண்டதும், "என்னா டாக்டரு, இன்னும் கடை மூடலியா?" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

முழங்கால் இன்னும் வலிக்கிறது அவருக்கு. டிஸ்பென்சரிக்கு நானே கூட்டிப்போகிறேன். பரீட்சையில் நான் பாஸ். ஆனாலும், என்னைக் காப்பாற்றத் தன் உயிரைப் பணயம் வைத்துச் சொன்ன அந்த "ஒண்ணும் சாப்பிடலைங்க" முன்னால் இன்றும் தலை குனிந்துதான் நிற்கிறேன்.