மாமரத்துலேர்ந்து மூணு எட்டு

எங்க தண்ணீர் ஆபீசுல எந்த வால்வு எங்க புதைஞ்சிருக்குன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான், எங்க மேஸ்திரி. "ஒரு காகிதத்துல வரைஞ்சு குடுங்கண்ணே"ன்னு நான் கெஞ்சாத நாளில்லை. நெத்தியைத் தட்டிக் காட்டுவார். "எல்லாம் இங்க இருக்குடா." எங்க தீவுல ராணுவம் ஆட்சியைப் பிடிச்ச மூணாம் மாசம் அந்த மனுஷன் ஆக்லாந்துக்கு ப்ளேன் ஏறிட்டார். போனது தப்புன்னு நான் சொல்லலை, ஊரே பெட்டி கட்டிக்கிட்டிருந்த நேரம். ஆனா போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் உட்கார்ந்து எழுதியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

அந்த மழைக்காலத்துல எங்க ஊர்ல சமபுலாங்கிற மேட்டுல பெரிய குழாய் வெடிச்சுது. தண்ணி சரிவுல இறங்கி மண்ணைக் கரைக்குது. கீழே ஒரு தகர வீடு. அதுல பிள்ளை பெத்து பத்து நாள் ஆன ஒரு பொண்ணு. நாங்க நாலு இடத்துல தோண்டிப் பார்த்துட்டு ஆக்லாந்துக்குப் போன் போட்டோம்.

"அது சுலபம்டா. நீல வீட்டு மாமரத்துலேர்ந்து ரோட்டுப் பக்கம் மூணு எட்டு வை."

அடக் கடவுளே! நீல வீடும் இல்லை, மாமரமும் இல்லை. புதுசா வாங்கினவங்க வெள்ளையடிச்சு, மரத்தை வெட்டி, சிமெண்டு போட்டுட்டாங்க. எது அந்த வீடுன்னு கேக்கலாம்னா தெருவுல பழைய ஆள் ஒருத்தர் இல்லை. எல்லாரும் சிட்னியில, வான்கூவர்ல.

கடைசியில ஊருக்கே தண்ணி போற மேல்தொட்டியையே மூடினோம். அதுக்குள்ள மண் சரிஞ்சு அந்தப் பொண்ணோட சமையல்கட்டு போயிடுச்சு. பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு மழையில நின்னா. "உங்க வால்வு எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியாதா?" எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துது.

அப்புறம் மூணு நாள் தோண்டி அந்த வால்வைக் கண்டுபிடிச்சேன். அன்னிக்கே ஒரு தடி நோட்டு வாங்கினேன். தெருத்தெருவா அளந்து ஏழு பக்கம் எழுதினேன். அந்த மேட்டை மட்டும் எழுதலை. அதுதான் எனக்கு நல்லாத் தெரியுமே, அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டேன். ஆபீசுல ஆள் குறையக் குறைய மூணு பேர் வேலை என் தலையில. அதுக்குள்ள எனக்கும் விசா வந்துடுச்சு.

பிரிஸ்பேனுக்கு வந்து ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு காலையில போன். என் இடத்துல இப்ப இருக்கிற தம்பி. பின்னால தண்ணி இரைச்சல்.

"அண்ணா, சமபுலா மேட்டுல குழாய் மறுபடி போச்சு. கீழே ஒரு வீடு, அந்தம்மா கத்துறாங்க. நோட்டுல இந்த இடம் இல்லையே. வால்வு எங்கண்ணா?"

"அது சுலபம்பா"ன்னேன். "ரொட்டிக் கடை வாசல்ல சிவப்பு பெஞ்சு இருக்கில்ல, அதுலேர்ந்து..."



"அண்ணா, ரொட்டிக் கடைக்காரங்க கடை, பெஞ்சு எல்லாத்தையும் வித்துட்டு போன வருஷமே போயிட்டாங்களே."